சூரியனுக்கே பேக்கப் இருக்கு பாஸ்!

கொடைக்கானல் டூர்னா போட்டிங், சைக்கிளிங்னு முடிச்சுட்டுக் கிளம்பிடறோம். அங்கே இருக்கற சூரிய ஆய்வகத்துல 1904-லேர்ந்து சூரியனை போட்டோ பிடிச்சு வெச்சிருக்காங்க, தெரியுமா? பழைய படங்களை டிஜிட்டல் காப்பியும் எடுத்தாச்சு. பின்னே... 1904-ம் வருஷ சூரியனைத் திரும்பக் கூப்பிட்டு போஸ் கொடுக்கச் சொல்ல முடியுமா?

என் கதையைக் கேளுங்க. ப்ராஜெக்ட் டேட்டாபேஸுக்கு தினமும் பேக்கப் எடுத்தேன்... அதே ஹார்ட் டிஸ்க்ல! ரிவ்யூவுக்கு முதல் நாள் டிஸ்க் அவுட். ரெண்டும் காலி!

இப்போ எஸ்.க்யூ.எல். சர்வர்ல ரெக்கவரி மாடலை 'ஃபுல்'னு மாத்திட்டேன். 'சிம்பிள்'ல இருந்தா லாக் பேக்கப் எடுக்க முடியாது, உஷார்! ஞாயிறு ஃபுல் பேக்கப், தினமும் டிஃபரன்ஷியல், மணிக்கொரு லாக். எல்லாம் வேற மெஷின்ல. மாசம் ஒருமுறை ரீஸ்டோர் பண்ணியும் பாக்கறேன். பிரிச்சுப் பாக்காத பேக்கப், பிரிச்சுப் பாக்காத புக் மாதிரி... எக்ஸாம் அன்னிக்குத்தான் குட்டு உடையும்!