மேக்ரோ என்றாலே ஓட வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "எக்ஸெல்லில் மேக்ரோ பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தான் கிடைக்கும். "அதெல்லாம் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "மேக்ரோவா? அது வைரஸ் ஆச்சே!" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான், கீ போர்டில் இரண்டு விரல்களால் முடியும் வேலைக்கு மௌஸைப் பிடித்துக் கொண்டு பலர் தினமும் அல்லாடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். செல்களை அழகுபடுத்தும் சின்னச் சின்ன மேக்ரோக்களை வீட்டில் எக்ஸெல் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தாங்களே பதிவு செய்து கொள்ள வேண்டும். அடுத்தவர் எழுதிய மேக்ரோவைத் தொடவே கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே கற்றுக் கொள்ள வேண்டும்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். அது காரணம் இல்லாமல் வந்தது அல்ல. 1995ல் வேர்ட் பைல்கள் வழியாகக் 'கான்செப்ட்' என்ற மேக்ரோ வைரஸ் பரவியது. 1996ல் எக்ஸெல்லுக்கு 'லாரூ' வந்தது. 1999 மார்ச்சில் வந்த 'மெலிஸா', அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே மெயில் அனுப்பிக் கொண்டது. இதனால்தான் ஆபீஸ் 2007ல் மேக்ரோ உள்ள எக்ஸெல் பைலுக்கு எக்ஸ்எல்எஸ்எம் என்று தனியாக ஒரு துணைப் பெயரே கொடுத்தார்கள். 2022ல் இன்னொரு படி மேலே சென்று, இன்டர்நெட்டிலிருந்து இறங்கிய பைல்களில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. எனவே, மெயிலில் வந்த பைல் "எனேபிள் கன்டென்ட்" என்று கெஞ்சினால், அனுப்பியவர் யாராக இருந்தாலும், அதைக் கிளிக் செய்திட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால், நீங்களே பதிவு செய்த மேக்ரோவில் என்ன இருக்கும்? நீங்கள் செய்த வேலை மட்டும்தான் இருக்கும். டேப் ரெகார்டரில் நம் குரலை நாமே பதிவு செய்து கேட்பதைப் போன்றது அது. அதில் திருடன் எங்கிருந்து வருவான்?

சரி, எதற்கு மேக்ரோ வேண்டும்? இங்கே ஓர் எச்சரிக்கை. எக்ஸெல் ஏற்கனவே இலவசமாகத் தரும் ஷார்ட்கட் கீகளுக்கு மேக்ரோ எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்தைத் தடிமனாக்க கண்ட்ரோல் + பி இருக்கிறது. குறுக்கே கோடு போட்டு அடிக்க கண்ட்ரோல் + 5 இருக்கிறது. இரண்டு தசம இடங்களுடன் எண்ணைக் காட்ட கண்ட்ரோல் + ஷிப்ட் + 1, சதவீதத்திற்கு கண்ட்ரோல் + ஷிப்ட் + 5, தேதிக்கு கண்ட்ரோல் + ஷிப்ட் + 3, செல்களைச் சுற்றிக் கட்டம் போட கண்ட்ரோல் + ஷிப்ட் + 7 என்று வரிசையாக இருக்கின்றன. இப்போது செய்த அதே வேலையை அடுத்த செல்லிலும் செய்ய எப் 4 கீ ஒன்றே போதும். மேக்ரோ கற்றுக் கொள்ளும் முன் இவற்றை ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பாதித் தேவை இதிலேயே தீர்ந்து விடும்.

மீதிப் பாதிக்குத்தான் மேக்ரோ. நம் ஊர் வாசகர்களுக்கு உடனே புரியும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐநூற்று அறுபத்தேழு என்பதை நாம் 12,34,567 என்று எழுதுவோம். அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டர் அதையே 1,234,567 என்று காட்டும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குச் சென்று டிஜிட் குரூப்பிங்கை மாற்றினால் உங்கள் கம்ப்யூட்டரில் சரியாகி விடும். ஆனால், அதே பைலை வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பினால், அவர் கம்ப்யூட்டர் அவருடைய வழக்கப்படி மில்லியனில்தான் காற்புள்ளி போடும். லட்சக் கணக்கு பைலோடு சேர்ந்தே போக வேண்டும் என்றால், பார்மட் செல்ஸ் விண்டோவில் நம்பர் டேபில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து இப்படி டைப் செய்திட வேண்டும்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

ஒரு கோடிக்கு மேல் என்றால் முதல் பகுதி, ஒரு லட்சத்திற்கு மேல் என்றால் இரண்டாவது பகுதி, மற்றவற்றிற்கு மூன்றாவது பகுதி. (கழித்தல் குறியுள்ள தொகைகள் மூன்றாவது பகுதிக்குள் போய்விடுவதால், அவற்றிற்கு லட்சக் காற்புள்ளி கிடைக்காது.) இதை ஒவ்வொரு புதிய பைலிலும் நினைவில் வைத்து டைப் செய்திட யாரால் முடியும்? என்னால் முடியாது. அதனால்தான் என் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஆர் அழுத்தினால் இது வந்து விடும். ஆர் என்றால் ரூபாய்.

இதைப் பதிவு செய்யும் வழி எளிது. ஏதாவது ஒரு செல்லை முதலில் தேர்ந்தெடுத்துக் கொள்ளவும். வியூ டேபில் மேக்ரோஸ் என்பதன் கீழ் ரெகார்ட் மேக்ரோ என்பதைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் கொடுக்கவும். ஷார்ட்கட் கீ கட்டத்தில் ஷிப்ட் கீயுடன் ஆர் அழுத்தவும். ஸ்டோர் மேக்ரோ இன் என்ற இடத்தில் பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். இப்போது கண்ட்ரோல் + 1 அழுத்தி, மேலே சொன்ன பார்மட்டை டைப் செய்து ஓகே தரவும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும் சின்னச் சதுரத்தைக் கிளிக் செய்தால் பதிவு முடிந்தது. எக்ஸெல்லை மூடும்போது பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கைச் சேமிக்கவா என்று கேட்கும். சேமிக்கச் சொல்லவும். இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் "மேக்ரோவைக் காணோம்" என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸெல் திறக்கும்போதெல்லாம் அதுவும் பின்னால் மறைவாகத் திறந்து கொள்ளும். எல்லாப் பைல்களிலும் உங்கள் கீ வேலை செய்யும். அது இருக்கும் போல்டரை எக்ஸெல் நம்பகமான இடமாகவே கருதுவதால், பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்த வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, உங்கள் கணக்கு பைல் மேக்ரோ இல்லாத சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைலாகவே இருக்கும். நீங்கள் போட்ட காற்புள்ளியும் வண்ணமும் மட்டும்தான் அதில் போகும். வாங்குபவர் பயப்பட வேண்டியதில்லை. மேக்ரோ ஓடாத மொபைல் போனில் திறந்தாலும் அழகு அப்படியே இருக்கும்.

இவ்வளவு நல்லது சொல்கிறேனே, இதில் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் பட்டு அறிந்தது.

2004ல் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் சந்தாக் கணக்கு என்னிடம் இருந்தது. எக்ஸெல் 2003. உறுப்பினர் பெயர்களை எல்லாம் பாமினி எழுத்துருவில் தமிழில் அடித்து வைத்திருந்தேன். சந்தா பாக்கி உள்ளவர்களைச் சிவப்பில் காட்ட ஒரு மேக்ரோ பதிவு செய்தேன். பார்மட் செல்ஸ் விண்டோவில் பான்ட் டேபிற்குச் சென்று, சிவப்பைத் தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்தேன். அவ்வளவுதான். மாலையில் கூட்டம். மதியம் பாக்கிக்காரர்களின் வரிசைகளைத் தேர்ந்தெடுத்துக் கீயை அழுத்தினேன். சிவப்பு வந்தது. ஆனால், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக்களின் குவியலாக மாறி விட்டன!

பதறிப் போய் கண்ட்ரோல் + இசட் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேக்ரோ ஓடினால், அதற்கு முன் செய்தவற்றைத் திரும்பப் பெறும் அன்டூ பட்டியல் முழுவதும் அழிந்து விடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்தது என்ன? நான் மாற்றியது வண்ணத்தை மட்டும். ஆனால், அந்த டேபில் ஓகே கொடுத்தவுடன், அதில் இருந்த எழுத்துருவின் பெயர், அளவு எல்லாவற்றையும் சேர்த்து எக்ஸெல் பதிவு செய்து கொண்டது. பதிவு செய்த செல்லில் ஏரியல் இருந்தது. அதனால் போன இடமெல்லாம் ஏரியலைப் பூசி விட்டது. பாமினி யூனிகோட் அல்ல. எழுத்துரு மாறினால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும். தகவல் எதுவும் அழியவில்லை. பெயர்களைத் தேர்ந்தெடுத்து மீண்டும் பாமினியைக் கொடுத்தேன். பெயர்கள் திரும்பி வந்தன. ஆனால், அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்தது உண்மை. இந்த மேக்ரோவை வேறொருவர் எழுதியிருந்தால், அவர் மீதும் வைரஸ் மீதும் பழி போட்டிருப்பேன். நானே பதிவு செய்தது என்பதால், எங்கே தவறு என்று தேட வேண்டியதாயிற்று. தேடியதால் கற்றுக் கொண்டேன்.

அன்று முதல் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டியது வண்ணம் மட்டும் என்றால், பெரிய டயலாக் பாக்ஸிற்குப் போகாமல், மேலே உள்ள வண்ணப் பட்டனை அழுத்தித்தான் பதிவு செய்கிறேன். எழுத்தை நடுவில் நிறுத்தும் பட்டனில் இந்தத் தந்திரம் பலிக்காது. வ்ராப் டெக்ஸ்ட், மெர்ஜ் போன்றவையும் சேர்ந்தே பதிவாகும். அப்படிப்பட்ட மேக்ரோவை ஆல்ட் + எப் 11 அழுத்தித் திறந்து, தேவையற்ற வரிகளை நீக்கி விடுகிறேன். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் எந்த வரி எதற்கு என்று ஓரளவு புரிந்து விடும். புரோகிராம் படித்திருக்க வேண்டியதில்லை.

செல்லைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பதிவைத் தொடங்குகிறேன். பதிவின் நடுவில் செல்லைக் கிளிக் செய்தால் அதுவும் பதிவாகி, பின்னர் எங்கே நின்று கீயை அழுத்தினாலும் அந்த ஒரே செல்லுக்கு ஓடிப் போய் வண்ணம் பூசும்.

கண்ட்ரோல் + சி, கண்ட்ரோல் + எஸ், கண்ட்ரோல் + இசட் போன்ற கீகளை மேக்ரோவிற்குக் கொடுப்பதே இல்லை. கொடுத்தால், எக்ஸெல் உங்கள் மேக்ரோவைத்தான் மதிக்கும். காப்பி செய்யப் போய் செல் சிவப்பாகும். ஷிப்ட்டும் சேர்த்து வைத்தால் மோதல் குறையும். அதிலும் கண்ட்ரோல் + ஷிப்ட் + எல் பில்டருக்கு உரியது. அதை விட்டு விடவும். எந்தப் புதிய மேக்ரோவையும் ஓட்டும் முன் கண்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமிக்கிறேன். அன்டூ இல்லாத இடத்தில் அதுதான் நமக்குக் காவல்.

"இதற்கெல்லாம் ஸ்டைல்ஸ் இருக்கிறதே, பார்மட் பெயிண்டர் இருக்கிறதே" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். ஒரே பைலில் வேலை செய்பவர்களுக்கு அவை போதும். மாதா மாதம் புதுப்புதுப் பைல்கள், பேங்கிலிருந்து இறக்கிய ஸ்டேட்மெண்ட்கள் என்று பார்ப்பவர்களுக்கு, எங்கே போனாலும் கூடவே வரும் கீ தேவை. கூகுள் ஷீட்ஸிலும் 2018 முதல் மேக்ரோ பதிவு வசதி உண்டு. கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட்டுடன் ஓர் எண் என்று பத்து ஷார்ட்கட் வரை வைத்துக் கொள்ளலாம். லிப்ரே ஆபீஸிலும் உண்டு. ஆனால், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று மேக்ரோ பதிவை முதலில் இயக்க வேண்டும்.

நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடையில் வாங்கி வந்த கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பொதுவானது. நீங்கள் பதிவு செய்த முதல் கீ வேலை செய்யும் நாளில்தான், உங்கள் பழக்கத்திற்கு அது வளைந்து கொடுக்கிறது. அதோடு, மேக்ரோ என்ன செய்யும் என்று தன் கையால் செய்து பார்த்தவர், மெயிலில் வரும் அந்நிய மேக்ரோவை எளிதில் நம்ப மாட்டார். ஒரு செல்லின் வண்ணத்தை மாற்ற முடிகிற ஒன்று, வேறு என்னவெல்லாம் செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரே ஒரு மேக்ரோவைப் பதிவு செய்து பாருங்கள். லட்சக் கணக்குக் காற்புள்ளியிலிருந்தே தொடங்கலாம். ஆனால், சேமித்து விட்டு அழுத்துங்கள்!