பள்ளத்தூர்ப் பெண்



காரைக்குடியிலிருந்து கோட்டையூரைத் தாண்டினால் பள்ளத்தூர். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் அதைக் கடந்து, கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கோபிசாந்தா வளர்ந்தது இந்த ஊரில்தான். 1937-இல் பிறந்தது மன்னார்குடியில். கணவரைப் பிரிந்து வந்த தாய் ராமாமிர்தம், இங்கே வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். தாய்க்கு உடம்பு முடியாமல் போகவே பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

எஸ்.எஸ்.ஆர். நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தவருக்கு, நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் (1958) நகைச்சுவை வேடம் கொடுத்தார். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. கதாநாயகிகளைச் சில வருஷங்களில் ஒதுக்கிவிடுவார்கள், சிரிக்க வைக்கிறவர்கள் நிலைப்பார்கள் என்று கவிஞர் சமாதானம் சொன்னாராம். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகி ஆனார். ஆனால் நிலைத்தது, கவிஞர் சொன்ன வழியில்தான்.

ஆயிரம் படம், கின்னஸ் என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு 1968 என்ற ஒரு வருஷம் போதும். 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணி. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஆளுக்கு ஆள் மிஞ்சி நடிக்கும் படம். அதில் தெருக்கூத்து மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தவர்போல், வெகுளியும் கும்மாளமுமாக நுழைந்து, அவர் இருக்கும் காட்சிகளை எல்லாம் தமதாக்கிக்கொண்டு போனார். அதே வருஷம் 'பொம்மலாட்ட'த்தில், 'வா வாத்தியாரே' பாட்டைச் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடினார். செட்டிநாட்டுப் பேச்சில் வளர்ந்த பெண், சேரித் தமிழை வாடகைக்கு வாங்கியதுபோல் இல்லாமல் பேசினார். ஒலியைக் காதில் வாங்கி உடம்பில் இறக்கிக்கொள்ளும் இந்த வித்தை நாடகம் தந்தது. பல ஊர் மேடைகளில் நின்று பழகியவர்களுக்கே வாய்ப்பது.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்த ஏவி.எம். நிறுவனம், 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்' எடுத்தது. அதில் அவருக்கு வேலைக்காரி கண்ணம்மா வேடம். படித்தவர்கள் கூடி நின்று முடிச்சுப் போட்டுக்கொண்ட குடும்பத்தில், முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவள் அவள்தான். வீட்டு வேலை செய்த தாயைப் பார்த்து வளர்ந்தவர் நடித்தது என்று அறிந்தபின் பார்த்தால், சிரிப்புக் காட்சியிலும் தொண்டை அடைக்கிறது.

'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி மறைந்தபோது, தமிழ்நாடே 'ஆச்சி' என்றுதான் அழுதது. நகரத்தார் வீட்டுப் பெண்களை அழைக்கும் அந்த விளி, நகரத்தார் அல்லாத ஒருவருக்கு ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அந்த நாளைய நாடகங்களைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்