மிஸ்டர் டிப்ஸும் எங்கள் ஏட்டய்யாவும்

எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிக்கிறோம். அவரவர் ஆய்வேட்டுக்குச் சம்பந்தமில்லாத புத்தகமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. போன மாதம் என் முறை. ஜான் பால் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1965இல் எழுதிய 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' நாவலைக் கொடுத்தேன். ஒரு சின்ன ஊர், ஒரு கொலை, ஒரு போலீஸ் துப்பறிவாளர். லேசாகப் படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோழர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அன்று இரவு பதினொரு மணிக்கு விடுதிக் காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை சண்டை ஓயவில்லை.

கதையின் தொடக்கம் இது. அமெரிக்காவின் தெற்கே, கரோலினாவில் வெல்ஸ் என்ற கற்பனை ஊர். ஆகஸ்ட் மாதப் புழுக்கம். இரவு ரோந்து போகும் சாம் வுட் என்ற வெள்ளைக் காவலர் நடுச்சாலையில் ஒரு பிணத்தைப் பார்க்கிறார். செத்துக் கிடப்பவர் அந்த ஊரில் இசைவிழா நடத்த வந்த இசைக்குழு நடத்துநர். கொலைகாரனைத் தேடச் சொல்லி உத்தரவு வருகிறது. ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பர் வண்டிக்காகக் காத்திருக்கிறார். சட்டைப்பையில் பணம் இருக்கிறது. அவ்வளவு போதும், பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு பணம் உனக்கு ஏது என்று போலீஸ் தலைவர் கில்லஸ்பி அதட்டுகிறார். சம்பாதித்தது என்கிறார் அவர். என்ன வேலை என்றால், போலீஸ் வேலை. கலிஃபோர்னியாவின் பசடீனா நகரக் காவல்துறையில் கொலை வழக்குகளைப் பார்க்கும் விர்ஜில் டிப்ஸ் அவர். (தமிழில் எழுதினால் ஓட்டலில் வைக்கும் காசு மாதிரி ஒலிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கொலை வழக்கை விசாரித்துப் பழக்கமில்லாத அந்த ஊர்ப் போலீஸுக்கு அவர் தேவைப்படுகிறார். அவர் ஜெயித்தால் பெயர் நமக்கு, தோற்றால் பழி அந்தக் கறுப்பனுக்கு என்ற கணக்கில் ஊர்ப் பெரிய மனிதர்கள் அவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்தோம். மற்றவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

துப்பறியும் கதைகளில் ஊறிய ஒரு தோழர் முதலில் பேசினார். "மர்மம் நல்லா இருக்கு. நடுநடுவுல நிறத்தைப் பத்திப் பேசுறதுதான் இழுவை. அதை வெட்டியிருந்தா இன்னும் விறுவிறுப்பா இருந்திருக்கும்." நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த நாவலில் நிறத்தை வெட்டினால் மிஞ்சுவது என்ன? முதல் கைதே நிறத்தால் நடக்கிறது. உள்ளூர்ப் போலீஸ் வழி தவறுவதும் அதனால்தான். இரவில் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்குள் வெள்ளைக் காவலர் போகலாம், கொலையை விசாரிப்பவர் போக முடியாது. கொலையாளி யாரென்று சொல்லி உங்கள் ருசியைக் கெடுக்க மாட்டேன். டிப்ஸுக்கு மறுக்கப்படும் இடங்களையும், அந்த ஊர் யாரைப் பார்த்துச் சந்தேகப்படுவதே இல்லை என்பதையும் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். தடயங்கள் அங்கேதான் கிடக்கின்றன. யாரை முதலில் பிடிப்பார்கள் என்ற கேள்வி நம் ஊர் வாசகருக்கு இழுவையாகத் தெரிந்தால், அவர் தெருவுக்குப் போலீஸ் ஜீப் வந்ததில்லை என்று அர்த்தம். இருளர் குடியிருப்பிலும் குறவர் குடியிருப்பிலும் இது மர்மமே இல்லை. 2021இல் 'ஜெய் பீம்' பார்த்துவிட்டு இப்படியெல்லாமா நடக்கும் என்று கேட்டவர்களும், என்ன புதுசா என்று கேட்டவர்களும் ஒரே வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தார்கள்.

இளைய தோழர் ஒருவருக்கு வேறு ஏமாற்றம். அவர் 1967இல் வந்த படத்தை முதலில் பார்த்தவர். படத்தில் பருத்திப் பண்ணை முதலாளி எண்டிகாட் டிப்ஸை அறைவார். நொடி தாமதிக்காமல் டிப்ஸ் திருப்பி அறைவார். சிட்னி பாய்ட்டியரின் அந்த ஒரு அறைக்காகவே படத்தை நாலு முறை பார்த்திருக்கிறாராம். நாவலில் அந்த அறை கிடையாது. எண்டிகாட் அங்கே பண்ணை முதலாளியே இல்லை, இசை ரசிகரான பண்பான மனிதர். "நாவல் எழுதினவர் பயந்துட்டார் தோழர்" என்றார் இளையவர். இருக்கலாம். ஜான் பால் வெள்ளையர், படித்தவர்களும் பெரும்பாலும் வெள்ளையர். ஆனால் பயம் படத்தை எடுத்தவர்களையும் விடவில்லை. கதை மிசிசிப்பியில் நடப்பதாக மாற்றியவர்கள், பெரும்பகுதியை வடக்கே இல்லினாய்ஸ் மாநிலத்தில் போய் எடுத்தார்கள். தெற்கே வர மாட்டேன் என்று பாய்ட்டியர் சொல்லிவிட்டார். 1964இல் மிசிசிப்பிக்குப் போனபோது வெள்ளை வெறியர்கள் காரில் துரத்தி வந்ததை அவர் மறக்கவில்லை. திரையில் திருப்பி அறைந்தவருக்கு அந்த மண்ணில் ஓர் இரவு தங்க முடியாத நிலை. படம் ஆஸ்கர் வாங்கியது, வெள்ளைப் போலீஸ் தலைவராக நடித்த ராட் ஸ்டைகரும் வாங்கினார். பாய்ட்டியரின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை.

எல்லோரும் ஒத்துக்கொண்ட குறை ஒன்று உண்டு. டிப்ஸ் அளவுக்கு மீறி நல்லவர். கோபப்பட மாட்டார், குரல் உயராது, சட்டை கசங்காது, கணிப்பு தப்பாது. இப்படி ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்டார்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு மனிதரைத் தெரியும்.

என் தாய்மாமன் முப்பது வருடத்துக்கு மேல் காவல்துறையில் இருந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். பெரும்பகுதி எங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு நகரத்து ஸ்டேஷனில். மனு கொடுக்க வருபவர்கள் எல்லோருக்கும் அவர் 'ஏட்டய்யா'. அதே மாமா எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது யூனிபார்ம் பைக்குள் இருக்கும், கைலியும் சட்டையும் மேலே இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஊர்த்தெருப் பையன், மாமாவின் வயதில் பாதி இல்லாதவன், பெயர் சொல்லி 'என்னடா இன்னைக்கு டூட்டி இல்லையா' என்பான். மாமா சிரித்துக்கொண்டே வருவார். ஊர்த்தெருவில் மோட்டார் காணாமல் போனால் போலீஸ் முதலில் எங்கள் காலனிக்குத்தான் வரும். இரண்டு தடவை அந்த ஜீப்பிலிருந்து மாமாவும் இறங்கினார். அப்போது நான் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. அவர் எங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை.

இந்த நாவலில் உலகப் புகழ் பெற்றது ஒரு பதில்தான். உங்கள் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கில்லஸ்பி ஏளனமாகக் கேட்கும்போது, மிஸ்டர் டிப்ஸ் என்று கூப்பிடுவார்கள் என்கிறார் விர்ஜில். அந்தப் பக்கத்தை நான் மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

மாமா ஒரு நாள்கூடக் குடித்ததில்லை, ஐந்து ரூபாய் வாங்கியதில்லை, காலதாமதமாக ஸ்டேஷனுக்குப் போனதில்லை. ஏன் மாமா இவ்வளவு கறாராக இருந்தீர்கள் என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். "அவன் தப்பு பண்ணினா அவன் பண்ணினதோட போயிடும் மாப்ள. நான் பண்ணினா நம்ம தெருவே பண்ணினதா ஆயிடும்" என்றார். டிப்ஸ் ஏன் அப்படி இருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு 'மிஸ்டர்' பெறுவதற்கு அவர் கட்டும் வரி அது. மாமா அறுபது வயதிலேயே இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை போடுகிறவரானார். அதுவும் அந்த வரியில் சேர்த்திதான்.

ஆகவே தோழர்கள் சொன்ன குறையை நான் மறுக்கவில்லை, இடம் மாற்றி வைக்கிறேன். டிப்ஸ் குற்றமற்றவராக இருப்பது நாவலின் பொய் இல்லை. அதற்கு அவர் கொடுக்கும் விலையைக் காட்டாமல் விட்டதுதான் பொய். கதையின் பெரும்பகுதியை சாம் வுட்டின் கண்களாலும் கில்லஸ்பியின் கண்களாலும் பார்க்கிறோம். அவர்கள் மெல்ல மெல்ல மாறுவது நமக்குத் தெரிகிறது, மனம் நெகிழ்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்கும்போது டிப்ஸ் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. வெள்ளையர் திருந்துவதற்கு ஒரு கறுப்பர் பாடப்புத்தகமாக வந்து போகிறார். தலித் பாத்திரத்தின் துயரத்தைப் பார்த்து ஆதிக்க சாதி நாயகன் கண் கலங்குவதோடு முடியும் நம் கதைகளும் இந்த வகைதான். அழுபவனின் முகத்துக்கே கேமரா போகும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமாவுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொலையாளி யாரென்று இரண்டாவது சந்தேகத்திலேயே பிடித்துவிட்டார். போலீஸ் மூளை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டு அந்த ஆளு ரயிலேறிப் போயிட்டாரா?"

"போயிட்டார் மாமா. பசடீனாவுக்கு."

"அப்ப சரி. அங்கயே இருக்கிறவனா இருந்தா எப்படின்னு எழுதியிருக்காங்களா?"

எழுதியிருக்கிறார்கள். அட்டிகா லாக் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 2017இல் எழுதிய 'புளூபேர்ட், புளூபேர்ட்' நாவலில் வரும் டேரன் மேத்யூஸ், கிழக்கு டெக்சாஸில் பிறந்து அதே கிழக்கு டெக்சாஸின் ஒரு சிற்றூரில் இரண்டு சாவுகளை விசாரிக்கும் கறுப்பினக் காவல் அதிகாரி. அவருக்குக் கோபம் வரும், குடிப்பார், தப்பும் செய்வார். இந்த மாதம் என் முறை இல்லை என்றாலும் தோழர்களிடம் கேட்டு வாங்கி அதையே வைத்திருக்கிறேன். மாமாவுக்கு ஆங்கிலம் ஓடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரு அத்தியாயம் சொல்கிறேன்.