மீனுக்குத் தலையெழுத்து உண்டோ?

எமது உயிரியல் மாணவர் மனனஞ் செய்யும் வாக்கியங்களுள் ஒன்று, ‘பால் என்பது கருக்கட்டலின்போதே நிறமூர்த்தங்களால் அறுதியாக நிர்ணயிக்கப்படுகின்றது’ என்பதாகும். பழைய தலையெழுத்துக் கொள்கைக்கு விஞ்ஞானச் சட்டை அணிவித்தாற்போன்ற இவ்வாக்கியத்தை, மீன்களைச் சற்றேனும் நோக்கியவர் எவரும் இத்துணை உறுதியுடன் எழுதத் துணியார்.

மெடாக்கா என்னும் யப்பானிய நெல்வயல் மீனை எடுத்துக்கொள்வோம். எம்மைப் போன்றே எக்ஸ், வை நிறமூர்த்தங்களை உடைய இம்மீனில், ஆண்மையைத் தொடக்கிவைக்கும் டிஎம்வை என்ற பரம்பரையலகு 2002இல் இனங்காணப்பட்டது. முலையூட்டிகளின் எஸ்ஆர்வைக்கு (1990) அடுத்து முள்ளந்தண்டுளிகளில் அறியப்பட்ட இரண்டாவது பால்நிர்ணயப் பரம்பரையலகு அதுவே. தலையெழுத்துவாதிகளுக்கு இதனினும் சிறந்த சான்று கிட்டாது. ஆயினும் இதே மீனில், 1953இலேயே யமமோட்டோ என்னும் யப்பானிய அறிஞர், குஞ்சுகளுக்குப் பெண் ஓமோனை உணவுடன் ஊட்டி, வை நிறமூர்த்தம் உடையவற்றையும் பெண்களாக்கிக் காட்டினார். முளையங்களை 32 பாகை செல்சியசில் வளர்த்தால், டிஎம்வை அறவே இல்லாத எக்ஸ்எக்ஸ் மீன்களுள்ளும் ஆண்கள் தோன்றுகின்றன. அதன் நெருங்கிய உறவினமாகிய லூசோன் தீவு மீனிலோ டிஎம்வை என்பதே இல்லை. அதன் பணியை வேறொரு பரம்பரையலகு ஏற்றுள்ளது.

நிறமூர்த்தத்துக்குப் பங்கே இல்லை என்பதன்று எமது வாதம். சாதாரண நிலையில் டிஎம்வை உள்ள மெடாக்கா ஆணாகவே வளர்கின்றது. ஆனால் அது தொடக்கிவைப்பது ஒரு நீண்ட தொடர். அதன் கணுக்களில் வெப்பமும் ஓமோனும் தலையிட இடமுண்டு.

கரிபியன் கடலின் நீலத்தலை மீனில் இத்தலையீடு வளர்ந்த பின்னரும் நிகழ்கின்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஆணை அகற்றினால், சில மணி நேரத்துள் மிகப் பெரிய பெண்மீன் ஆணைப்போல் நடக்கத் தொடங்குகின்றது. ஏறத்தாழப் பத்து நாட்களில் அதன் சூலகம் விந்து உண்டாக்கும் விதையாகி விடுகின்றது. பெண் ஓமோனை ஆக்கும் அரோமற்றேசு நொதியத்தின் பரம்பரையலகு தொடக்கத்திலேயே அடங்கிவிடுவதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நிறமூர்த்தம் ஒன்றேனும் மாறவில்லை. எப்பரம்பரையலகு வெளிப்படுகின்றது, எது அடங்குகின்றது என்பதே மாறிற்று. நூலை அலுமாரியில் வைத்திருப்பது வேறு, வாசிப்பது வேறு. எம்முட் பலர் இதனை அனுபவத்தில் அறிவர்.

‘மீன்கள் கீழ்நிலை உயிர்கள், விதிவிலக்குகள்’ என்பர் சிலர். அவர்கள் சுண்டெலியை நோக்குவாராக. வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஃபொக்ஸ்எல்2 என்ற பரம்பரையலகை நீக்கியபோது, அங்குள்ள கலங்கள் விதைக்குரிய கலங்களின் இயல்பைப் பெற்றன (2009). ஆண் எலியில் டிஎம்ஆர்டி1ஐ நீக்கியபோது இதன் மறுதலை நிகழ்ந்தது (2011). டிஎம்வை இந்த டிஎம்ஆர்டி1இன் பிரதியிலிருந்து தோன்றியதே!

பிறப்பைக்கொண்டு மனிதரின் தரத்தை அளந்து பழகிய சமுதாயம் எம்முடையது. இங்கு ‘பரம்பரையலகு விதித்தது மாறாது’ என்பது வெறும் பரீட்சை விடையாக நின்றுவிடுவதில்லை. மாணவனை ‘மந்தபுத்தி’ என ஒதுக்கவும் குலப்பெருமை பேசவும் அதுவே துணைக்கழைக்கப்படுகின்றது. ஆகவே பாடநூலாசிரியர்கள் அவ்வாக்கியத்திலுள்ள ‘அறுதியாக’ என்ற சொல்லையாவது நீக்கட்டும். பரீட்சகர்களும், எக்ஸ், வை கட்டங்களை நிரப்பச் சொல்வதோடு அமையாது, ஆணை இழந்த நீலத்தலை மீனில் அரோமற்றேசு ஏன் குறைகின்றது என்று ஒருமுறையேனும் வினவட்டும்.