எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளின் சிறுநீரகம்: எங்கள் நிலைப்பாடு

நோய் எதிர்ப்பாற்றல் குறைவோடு பிறந்த குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் ஓயாது. வீட்டில் எல்லோருடைய கவனமும் அதிலேயே இருக்கும். சிறுநீரகம் கெடுவது தெரியாது. எதிர்ப்பாற்றலின் பகுதியான நிரப்புப் புரதங்கள் சில இல்லாத குழந்தைக்கு லூபஸ் என்னும் நோய் வந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். தொற்றுக்காகப் பலமுறை போடப்படும் அமிகாசின் ஊசி உயிர் காக்கும். அதுவே சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். நெஃப்ரோடிக் நோயில் கதை தலைகீழ்: எதிர்ப்புப் புரதங்கள் சிறுநீரோடு போய்விடும், அதற்குத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை இன்னும் குறைக்கும்.

எதிர்ப்பாற்றலின் இந்தப் பிறவிக் குறைபாடு மரபணுவில் வருவது. திருப்பூரின் நொய்யல் ஆற்றுச் சாயநீரையோ தாயின் சாப்பாட்டையோ அதற்குக் காரணமாக்க வேண்டாம். பெற்ற தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சை நாங்கள் அடியோடு மறுக்கிறோம்.

இத்தகைய குழந்தை எதற்காக மருத்துவமனைக்கு வந்தாலும் யூரின் டெஸ்ட்டும் ரத்த அழுத்தமும் பார்த்தே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்தைத் தொடங்கும் முன் ரத்தத்தின் கிரியேட்டினின் அளவு கையில் இருக்க வேண்டும்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கும் தாய் கோவை மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தகப்பனுக்கும் அதே நிலை. அதனால்தான் மறுபரிசோதனை தள்ளிப்போகிறது. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, குழந்தைக்கும் சேர்த்து. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் கூடங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. அந்தக் கூடங்களிடம் வேலை கொடுத்து வாங்கும் ஏற்றுமதி நிறுவனங்கள் அங்கே வேலை செய்வோரின் குழந்தைகளின் சிகிச்சைக்கும் பொறுப்பேற்க வேண்டும். சிகிச்சை நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு அவரவர் மொழியில் விளக்கம் வேண்டும்.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, அதன் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. அது திருப்பூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். அந்த விண்ணப்பத்தைத் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே தொடங்க வழி செய்யுமாறு அரசைக் கேட்கிறோம்.

பெற்றோரே, காலையில் குழந்தையின் கண்ணிமை வீங்கியிருந்தாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ, சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள்.