"இது சோறு போடுமா?"

வட சென்னையில் பல வீடுகளில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது. வழக்குத் தொடுப்பவர் தந்தை. குற்றம் சாட்டப்பட்டவன் மகன். தீர்ப்புச் சொல்ல முடியாமல் நடுவில் நிற்பவள் தாய்.

எண்ணூரிலோ, திருவொற்றியூரிலோ ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு தந்தை வருகிறார். மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டு இருக்கிறான். "விடிய விடிய இதுதானா? இது சோறு போடுமா?" என்று சத்தம் போடுகிறார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

கப்பல் போன நாடு

ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து "ரஜூலா" கப்பல் மலாயாவுக்குப் போகும். பிழைப்புத் தேடித் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஏறிப் போனார்கள். அந்த மலாயா இன்று மலேசியா.

அங்கே முரசு நெடுமாறன் என்று ஒரு தமிழறிஞர். அவருடைய மகன் முத்து நெடுமாறன்.

1985-ம் ஆண்டு. அப்போது கம்ப்யூட்டர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் தெரியும். அதில் தமிழைக் கொண்டுவர வேண்டும் என்று முத்து நெடுமாறன் ஆசைப்பட்டார். வேலையில் இறங்கினார். அதற்கு "முரசு" என்று பெயர் வைத்தார்.

அது லேசான வேலை அல்ல. "கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். வாய் முதலில் "க்" என்கிறது. கையோ முதலில் கொம்பு போடுகிறது, பிறகு "க", கடைசியில் கால். எதை முதலில் வைப்பது? எந்திரத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாகத்தான் வைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஓர் எண் வரிசை வைத்தார்கள். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர் கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரிந்தது! "யூனிக்கோடு" என்ற பொதுவான எண் வரிசை பரவிய பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

இருபது ஆண்டுகள்

முத்து நெடுமாறன் உத்தியோகத்தையும் விடவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் பணியாற்றினார். தமிழ் வேலையும் தொடர்ந்தது. "முரசு அஞ்சல்" மூலம் பல நாட்டுத் தமிழர்கள் தமிழில் கடிதம் எழுதினார்கள். "முரசு சிஸ்டம்ஸ்" என்ற சொந்தக் கம்பெனியும் அமைந்தது.

2005-ம் ஆண்டு பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் "செல்லினம்" வெளிவந்தது. கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப அது வழி செய்தது. தொடங்கிய நாளில் இருந்து எண்ணினால் 20 ஆண்டுகள்!

2012-ம் ஆண்டில் இரா.முத்தரசனுடன் சேர்ந்து "செல்லியல்" என்ற இணையச் செய்தி நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஆப்பிள் கம்பெனியின் கருவிகளில் "தமிழ் சங்கம் எம்.என்." என்று ஓர் எழுத்துரு இருக்கிறது. "எம்.என்." என்பது முத்து நெடுமாறன் பெயரின் முதல் எழுத்துகள். சிங்களம், பர்மியம், கெமர் மொழிகளுக்கும் "எம்.என்." எழுத்துருக்கள் இருக்கின்றன.

தீர்ப்பு

இனி வழக்குக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் கம்பெனி தொடங்கிவிட மாட்டார்கள். விளையாட்டில் பொழுதைப் போக்குவது வேறு. ஒரு பொருளைச் செய்வது வேறு. ஆகவே தந்தை கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மணி நேரம்?" என்பது அல்ல. "என்னப்பா செய்கிறாய்? அது யாருக்கு உதவும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பதில் இல்லை என்றால் அவனே யோசிக்கத் தொடங்குவான்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: படிப்பையும் வேலையையும் உதறிவிட்டுக் கனவு காணாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியும். சுமந்து காட்டியவர் இருக்கிறார்.

இன்று கடலுக்குப் போன கணவனுக்கு, "பத்திரமாக வாங்க" என்று காசிமேட்டுப் பெண் தமிழில் செய்தி அனுப்புகிறாள். அந்த எழுத்துகள் தானாக வந்துவிடவில்லை. யாரோ சிலர் விடிய விடிய உட்கார்ந்து தட்டியதால் வந்தவை!