தொழில்: ஒன்றுமில்லை

1919-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்படி மாகாணங்களில் நடந்த இரட்டை ஆட்சியைப் பற்றி நேயர்கள் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலிய தொல்லை பிடித்த இலாகாக்களை மந்திரிகளின் தலையில் கட்டிவிட்டு, பணப்பெட்டியின் சாவியையும் போலீஸையும் கவர்னர் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இந்த விசித்திர ஏற்பாடு மாகாணங்களில் 1937-ல் ஒழிந்து போயிற்று என்றுதான் நாம் வகுப்பிலே பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறோம். ஆனால் உண்மையில் அது ஒழியவில்லை; ரயிலேறித் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் வந்து குடியேறிவிட்டது என்பது நம் சொந்த அபிப்பிராயம்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அக்காலத்தில் ஆண்பிள்ளைகள் காலையில் பட்டணத்துக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். இடையிலுள்ள சர்க்காரைப் பெண்பிள்ளைகள் நடத்தி வந்தார்கள். இப்போது பெண்களும் அதே ரயிலில் போகிறோம். ஆனால் போவதற்கு முன் ஒரு சர்க்காரும், திரும்பி வந்தபின் ஒரு சர்க்காரும் நடத்தியாக வேண்டியிருக்கிறது. பால், தண்ணீர், சமையல் வாயு, சலவை, பிள்ளைகளின் கல்வி, மாமியாரின் மாத்திரை, உறவினர் வீட்டுக் கலியாணம் ஆகிய இலாகாக்கள் யாவும் நம் வசம். எஜமானர் வசம் இருப்பது ஒரே ஓர் இலாகாதான்: வெளிநாட்டு விவகாரம்.

அந்த இலாகாவை அவர் திறமையுடன் நிர்வகிக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, நாற்காலியை விட்டு எழுந்திராமலே இரண்டு பக்கத்துச் சேனைகளையும் அவரே நடத்தினார். நமக்கு அந்த யுத்தம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. நம் தேசத்துக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அவ்விரண்டு தேசங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு ஏப்ரல் மாதக் கடைசியில் இந்தோனேஷியா தன் பாமாயிலை வெளியே அனுப்ப மாட்டேனென்று சில வாரங்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. நம் வீட்டில் பொரித்த அப்பளம் அன்றே சுட்ட அப்பளமாக மாறியது.

"ஏன், இன்று அப்பளம் பொரிக்கவில்லையா?" என்று கேட்டார் எஜமானர்.

"உக்ரேனில் யுத்தம் நடக்கிறதே, உங்களுக்குத் தெரியாதா?" என்றோம்.

அரசியல் என்பது பத்திரிகையில் இருக்கிறது என்று ஆண்கள் நினைக்கிறார்கள். அது வாணலியில் இருக்கிறது என்பது அடுப்பண்டை நிற்பவர்களுக்கே தெரியும்.

* * *

நிற்க. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் விண்ணப்பங்கள் நம் மேஜைமீது மலைபோல் குவிந்துவிடும். 'தகப்பனார் தொழில்' என்ற கட்டத்தில் விதவிதமான உத்தியோகங்கள் எழுதப்பட்டிருக்கும். 'தாயார் தொழில்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'ஒன்றுமில்லை'. ஒரு சமயம் அவ்வாறு எழுதியிருந்த தாயார் ஒருவரை, "வீட்டில் என்னம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம்.

"ஒன்றுமில்லைங்க டீச்சர், சும்மாதான் இருக்கேன். காலையிலே இட்லி மாவு அரைச்சு நாலு தெருவுக்குக் கொடுப்பேன். மத்தியானம் ரவிக்கை தைப்பேன். சாயங்காலம் மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவேன். மத்தபடி ஒன்றுமில்லை" என்றார் அந்த அம்மாள்.

சும்மா இருப்பதே சுகம் என்று ஞானிகள் சொல்வார்கள். இப்படிப்பட்ட சும்மாவை அவர்கள் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

இந்த அம்மாளைக் குறை கூறிப் பயனில்லை. சர்க்காரின் ஜனத்தொகைக் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 2011-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைதான் முக்கியமான வேலை என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 15 கோடியே 98 லட்சம் பேர். ஆண்கள் சுமார் 58 லட்சம் பேர். இவர்கள் அனைவரும் 'வேலை செய்யாதவர்கள்' என்ற பிரிவில் அடக்கம். அதே கணக்கெடுப்பின் விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு உபயோகத்துக்காகவே பால் உற்பத்தி செய்தாலும் அது வேலை என்று கணக்கில் ஏறும். அதாவது, எருமையிடம் பால் கறந்தால் நீங்கள் உழைப்பாளி. அந்தப் பாலைக் காய்ச்சி, பொங்காமல் பார்த்து, ஆற்றி, உறை குற்றி, மறுநாள் மோராக்கி எல்லோருக்கும் வார்த்தால் நீங்கள் வேலையற்றவர்! எருமைக்குச் சர்க்காரிடம் உள்ள மதிப்பு அடுப்புக்கு இல்லை.

தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தார் 2019-ல் ஜனங்கள் நாள்பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றும் தெரிய வந்தது. ஆனால் அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ நூற்றுக்கு 81 பேர்.

இதை எஜமானரிடம் வாசித்துக் காட்டினோம். அவர் 299-ஐயும் 81-ஐயும் கவனிக்கவில்லை. "97 நிமிஷமா! பார்த்தாயா, ஆண்களும் எவ்வளவு பாடுபடுகிறோம்!" என்று பெருமிதத்துடன் கூறிவிட்டு, காலிக் காப்பித் தம்ளரை நம்மிடம் நீட்டினார்.

* * *

வீட்டு வேலைக்கு விலை இல்லையா என்றால், இருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. டில்லியில் 2014-ல் நடந்த ஒரு விபத்தில் இறந்துபோன தம்பதிகளுக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கும் வழக்கில், 2021 ஜனவரியில் தீர்ப்புக் கூறிய நீதிபதிகள், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் உத்தேச வருமானம் கணக்கிட வேண்டியதே நியாயம் என்று விளக்கினார்கள். மேலே நாம் கூறிய 2011-ம் வருஷத்துத் தொகையையும் எடுத்துக்காட்டினார்கள். மிகவும் நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அதை யோசிக்க யோசிக்க நம் மனத்தில் ஏதோ நெருடுகிறது. உயிரோடு நடமாடும்போது 'ஒன்றுமில்லை'. மோட்டார் மோதி மாண்ட பிறகு மாத வருமானம். நம் உழைப்பின் விலை தெரிய வேண்டுமானால், அதைக் கேட்க நாம் இருக்கக்கூடாது என்றல்லவா ஏற்படுகிறது?

நம் ராஜ்யத்துக் கட்சிக்காரர்கள் மட்டும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அடுப்பங்கரையில் ஓட்டு இருக்கிறதென்பதை அவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 2006 தேர்தலில் வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வாக்களிக்கப்பட்டது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. 2021-ல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆயிற்று. 2023 செப்டம்பர் 15-ந் தேதி முதல், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஏற்பாடாயிற்று.

ஒவ்வொரு தடவையும், "எல்லாம் இலவசம், இலவசம்! தேசம் எங்கே உருப்படப் போகிறது?" என்று திண்ணைப் பொருளாதார நிபுணர்கள் அங்கலாய்த்தார்கள். அவர்கள் அங்கலாய்த்துக்கொண்டே உண்ட சட்டினி அந்த மிக்ஸியில் அரைபட்டது என்பதை நாம் சொல்லத்தான் வேண்டுமா? கடைசியாகச் சொன்ன திட்டத்தின் பெயரில் 'உதவி' என்ற சொல்லோ, 'சன்மானம்' என்ற சொல்லோ இல்லை. 'உரிமை' என்ற சொல் இருந்தது. எந்தக் கட்சி எக்காரணத்தால் கொடுத்ததென்பதைத் தேர்தல் மேடைகளில் தீர்த்துக்கொள்ளட்டும். எதிர்வீட்டு அம்மாளின் பெயருக்கு அந்தத் தொகை முதன்முதலாக வந்த அன்று அவர் சொன்னதை மட்டும் நாம் இங்கே குறித்துவைக்கிறோம்: "முப்பது வருஷமா இந்த வீட்டிலே இருக்கேன் டீச்சர். என் பேருக்குன்னு ஒரு காகிதம் வந்தது இதுதான் முதல் தடவை."

பெயர்! விஷயத்தின் மர்மம் அங்கேதான் இருக்கிறது.

* * *

நம் பாட்டனார் பெயர் சீனிவாசன். ஆகவே பாட்டியார் ஆயுள் முழுவதும் சீனியைச் சீனி என்று சொன்னதில்லை. 'அஸ்கா' என்றுதான் சொல்வார். கணவன் பெயரைச் சொல்லக்கூடாதென்பது அந்நாளைய சம்பிரதாயம். அதைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். ஆனால் தன் பெயரையே சொல்லாத வழக்கமும் தேசத்தில் இருந்தது. அதற்குக் கொடுத்த விலை சிரிக்கத் தக்கதன்று.

சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையின் உபதலைவராகவே ஆனார். சுதந்திர பாரதத்திலோ, சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாயிற்று. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடநாட்டின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரைக் கூற மறுத்து, 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் எழுதச் செய்தார்கள். பெயரில்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கண்டிப்பாக இருந்தார். அத்தேசத்துப் பெண் வாக்காளர் ஏறக்குறைய 8 கோடி பேரில், சுமார் 28 லட்சம் பேருடைய பதிவு அதனால் நீக்கப்பட்டது. வாக்குரிமைக்காக எத்தனையோ பேர் சிறை சென்ற நாட்டில், வாசற்படியில் வந்து கேட்டபோது பெயர் சொல்லாததால் 28 லட்சம் ஓட்டுகள் போயின!

சென் செய்தது கொடுமை என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். நமக்கோ அது நல்ல உபாத்தியாயர் செய்யும் காரியமாகத் தோன்றுகிறது. வருகைப் பதிவின்போது, 'ராமசாமியின் தங்கை' என்று ஒரு சிறுமி பதில் சொன்னால் எந்த ஆசிரியையும் விடமாட்டாள், "உன் பேர் என்ன?" என்றுதான் கேட்பாள்.

அந்தக் கேள்வி இன்னும் முடிந்துபோகவில்லை. தமிழ்நாட்டின் ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கென்று 2016-ல் சட்டமாயிற்று. ஆயினும் நாம் அறிந்த ஒரு வார்டில் புகார் கொண்டுபோனால், எழுந்து வந்து விசாரிப்பவர் கவுன்சிலரின் கணவர். கவுன்சிலர் அம்மையார் உள்ளேயிருந்து காப்பி அனுப்புகிறார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது, வாய்தான் வேறொருவருடையது. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டபோது, அடுத்த ஜனத்தொகைக் கணக்கும் அதன்பின் தொகுதிச் சீரமைப்பும் முடிந்த பிறகே அமுலாகும் என்றும் அதில் எழுதிவைத்தார்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. சாதம் மட்டும் பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணி முடித்த பிறகு!

2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் துணிச்சல் காட்டியது. ரேஷன் கார்டில் வீட்டிலுள்ள பெண்களுள் மூத்தவரே குடும்பத் தலைவி என்றது. இதை வீட்டில் வாசித்தபோது மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தரம் படி அம்மா" என்றார். எஜமானர் கவலையுடன், "அப்படியானால் இந்த வீட்டில் நான் யார்?" என்று கேட்டார்.

"எதிர்க்கட்சித் தலைவர். அதுவும் கௌரவமான பதவிதான்; மோட்டார் வண்டி கொடுப்பார்கள்" என்றார் மாமியார்.

* * *

வேடிக்கை போகட்டும். 2027-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்கு 2025 ஜூனிலேயே சர்க்கார் அறிவிப்பு வெளியிட்டது. கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நிற்கும் சமயம் அனேகமாக அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், கூடத்திலிருப்பவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "அவளா? ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். சகோதரிகள் அதற்கு இடம் கொடுக்கலாகாது. அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். உங்கள் பெயரை நீங்களே முழுமையாகச் சொல்லுங்கள். மாவு அரைத்து விற்றாலும், ரவிக்கை தைத்தாலும், நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொன்னாலும், கணவரின் கடையில் கூலியில்லாமல் கணக்கெழுதினாலும், அது வேலை என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். இவை ஒன்றும் இல்லாமல் வீட்டை மட்டும் நடத்துகிறவர்கள், 'வீட்டு வேலை' என்று குரல் தாழாமல் சொல்லுங்கள். படிவம் அதை எந்தப் பிரிவில் போட்டாலும் போடட்டும். எத்தனை கோடிப் பேர் அவ்வாறு சொன்னார்கள் என்ற தொகை நிற்கும். நீதிபதிகள் எடுத்துக்காட்டியது அத்தகைய தொகையைத்தான்.

சுயராஜ்யம் என்பது தன்னைத் தானே ஆளுதல். அதற்கு முதற்படி, 'நீ யார்?' என்று ஒருவர் கேட்டால் தானே பதில் சொல்லுதல். இதைச் சொல்லப் பத்து விநாடிக்குமேல் ஆகாது. அதற்குள் பால் பொங்கிவிடாது.